கறுப்புக் கடிதமும் எட்டுப் பேனாக்களும்

1962 பெப்ரவரி 10, சனிக்கிழமை மாலை ஆறு மணியளவில், இலங்கை மலைநாட்டில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேல் டிவிஷனில், தொழிலாளர் வரிசை வீடுகளான ஏழாம் நம்பர் லயத்து முற்றத்தில் கடிதம் வாசித்துக்கொண்டிருந்த பூரணி நினைவு தப்பி விழுந்தாள். அவளுக்கு வயது இருபத்தாறு. கடிதம் இந்தியாவில் முசிறியிலிருந்து லயத்து அழகனுக்கு வந்திருந்தது. அவனுடைய அண்ணன் இறந்து அன்றோடு பதினான்கு நாள்.

நான்கு மூலையிலும் கறுப்பு மை தடவி வரும் சாவுக் கடிதத்தை லயத்தில் யாரும் கூரைக்குக் கீழே கொண்டுபோவதில்லை. வெட்டவெளியில் நின்று வாசிக்க வேண்டும். வாசித்ததும் கிழித்துச் சாக்கடைக் கானில் போட்டுவிட்டு, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் தங்கள் அறையான காம்பராவுக்குள் போவார்கள். எழுத்துக் கூட்டாமல் உரக்க வாசிக்கத் தெரிந்தவள் ஏழாம், எட்டாம் நம்பர் லயங்கள் இரண்டுக்கும் பூரணி ஒருத்திதான். ஆகவே கறுப்புக் கடிதங்கள் எல்லாம் அவள் கைக்கே வந்தன.

அவள் விழுந்தது அது நான்காவது முறை. நான்கு முறையும் கையில் இருந்தது கறுப்புக் கடிதம்தான். நல்ல சேதி சொல்லும் கடிதங்களை அவள் எத்தனையோ வாசித்திருந்தாள், ஒன்றும் நேர்ந்ததில்லை. முதலில் தாடை ஒரு முறை வெட்டும், சொல் பாதியில் அறுந்துபோகும், பிறகு மறுபடி வெட்டும், அதன் பின் அவளுக்கு நினைவிருக்காது. பார்த்தவர்களுக்கு இதன் பொருள் தெளிவாகவே இருந்தது. இறந்தவர் சொல்லாமல் விட்ட எதையோ சொல்ல வாசிக்கிறவள் வாயைப் பிடிக்கிறார். அழகனே மறுநாள் வந்து, அண்ணன் என்ன சொல்ல வந்தார் என்று அவளிடம் தணிந்த குரலில் கேட்டுவிட்டுப் போனான்.

பூரணியின் மாமியார் ராசம்மாவுக்கு இதில் சந்தேகமே இல்லை. அக்கரப்பத்தனையிலிருந்து பேயோட்டும் கோடாங்கி சிவசாமியை வரவழைக்க வெற்றிலை பாக்கு வைத்துவிட்டாள். பங்குனி மாதம் இரண்டாம் வெள்ளி என்று நாள் குறித்தாயிற்று. உச்சி முடியில் ஒரு கொத்து எடுத்து, அதோடு பேயை மரத்தில் ஆணியடிப்பார்கள். அதற்குப் பிறகு பூரணி எழுத்துள்ள எந்தக் காகிதத்தையும் தொடக் கூடாது. அது சாமி முன்னால் செய்யும் சத்தியம். மீறினால் அடிக்கப்பட்டது அவிழ்ந்துகொள்ளும்.

மரமும் ஆணியும் பூரணிக்குப் பொருட்டல்ல. சத்தியத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் அவள். சீனி சுற்றி வந்த காகிதத்தைத் தண்ணீரில் நனைத்து, சுருக்கம் நீக்கி, அடுப்படியில் உலர்த்தி வாசிப்பாள். கணக்கப்பிள்ளை வீட்டிலிருந்து பழைய பத்திரிகை வந்தால், வேலைக்கு நடுவே பத்தி பத்தியாக, திருமண விளம்பரம் முதல் கப்பல் வரும் தேதி வரை விடமாட்டாள். அவள் புருஷன் ஆண்டியப்பன் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன், அதிகம் பேசாதவன். அவள் விழுந்த அந்த நாளுக்குப் பிறகு காம்பராவில் இருந்த எல்லாக் காகிதத்தையும் தாய் சொன்னபடி மூட்டை கட்டிக் கூரைக்கடியிலுள்ள அட்டலில் போட்டுவிட்டான். உப்பு பொட்டலத்தைக்கூட அவனே பிரித்துக் கொட்டிவிட்டுத் தாளை அடுப்பில் வைத்தான்.

தோட்டத்து ஆஸ்பத்திரியின் மருந்து ஐயா தம்பையா யாழ்ப்பாணத்துக்காரர். பத்தொன்பது வருடமாக அங்கே இருந்தார். விழுந்தபோது பட்ட நெற்றிக் காயத்துக்குக் கட்டுப்போட வந்த பூரணியிடம் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"விழுகிறதுக்கு முந்தி தாடை துடிக்கிறதோ?"

பூரணி அவரையே பார்த்தாள். தாடையைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை. பார்த்தவர்களும் அதை இறந்தவர் வாய் என்றுதான் சொல்லிவந்தார்கள்.

தம்பையாவுக்குக் கண்டியிலுள்ள பழைய நண்பர் ஒருவர் ஆங்கில மருத்துவச் சஞ்சிகைகளைப் படித்து முடித்த பின் அனுப்பிவைப்பார். அவற்றில் ஒன்றில், வாசிக்கும்போது மட்டும் தாடை வெட்டி, நிறுத்தாமல் தொடர்ந்தால் வலிப்பு வரும் சிலரைப் பற்றி ஒரு குறிப்பு இருந்தது. உலகத்தில் அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலரே. மூளையில் ஓடும் மின்சாரத்தைப் பேனாவால் எழுதிக் காட்டும் ஓர் எந்திரத்தில் அது பிடிபட்டதாம். அப்படி ஓர் எந்திரம் கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தது. அதை நடத்திய டாக்டர் அபேரத்ன, தம்பையாவின் கடிதத்துக்கு எட்டே நாளில் பதில் போட்டார். மார்ச் 20, செவ்வாய்க்கிழமை அழைத்து வரவும். எதை வாசித்தால் வருகிறதோ அதையே கொண்டுவரவும். மூன்று நாள் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது.

கோடாங்கி வரும் வெள்ளி மார்ச் 23.

கொழும்புக்குப் போக ராசம்மா ஒப்பவில்லை. ஆஸ்பத்திரித் திண்ணையில் வைத்து தம்பையா, ராசம்மா, பூரணி மூவருக்கும் இடையில் பேச்சு நீண்டது. கடைசியில் பூரணிதான் ஒரு வழி சொன்னாள்.

"அத்தே, அந்த எந்திரத்துல ஒண்ணும் தெரியலேன்னா வெள்ளிக்கெழம நானா போயி கோடாங்கி முன்னால ஒக்காந்துக்கிறேன். சத்தியமும் பண்றேன். அதுக்கப்புறம் காயிதத்தத் தொட மாட்டேன்."

ராசம்மா அதற்குச் சம்மதித்தாள். எந்திரத்தில் பேய் தெரியாது என்பது அவள் கணக்கு.

அடுத்த சிக்கல் யாரும் எதிர்பாராதது. டாக்டர் கேட்டது கறுப்புக் கடிதம். தம்பையா மூன்று டிவிஷனிலும் விசாரித்தார். ஒன்றுகூட இல்லை. வாசித்ததும் கிழிப்பதுதான் வழக்கம் என்பதால், நாற்பது வருடமாக வந்த சாவுச் செய்தி அத்தனையும் கானோடு போயிருந்தது. புதிதாக ஒன்று எழுதிக்கொள்ளலாம் என்றார் தம்பையா. அதைக் கேட்டு வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். எழுதுவதென்றால் அதில் யாராவது ஒருவர் செத்திருக்க வேண்டும். இல்லாத ஆள் பேரை எழுதலாமே என்று தம்பையா சொன்னதற்கு, இல்லாத ஆள் எப்படிப் பேயாக வருவார் என்று ஆண்டியப்பன் கேட்டான். அந்த வாரத்தில் அவன் பேசிய நீண்ட வாக்கியம் அதுதான்.

"என் பேர எழுதுங்க" என்றாள் ராசம்மா. "நான் செத்தாவாச்சும் அவளுக்கு வருதான்னு பாப்போம். எட்டாம் நாளு கறிச்சோறு போடணும்னும் எழுதுங்கய்யா. இல்லேன்னா அவ ரசத்தோட முடிச்சிருவா."

தம்பையா எழுதினார். ராசம்மா தான் எப்படி இறந்தாள் என்பதை ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். மூன்று நாள் காய்ச்சல், கடைசியில் மகன் பேரைச் சொல்லிக் கண் மூடியது, மலையில் அன்று மழை. சொல்லச் சொல்ல அவளுக்கே கண் கலங்கியது. மூலைகளில் அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்துத் தடவியதும் அவள்தான். யார் இறந்ததாக எழுதியிருக்கிறது என்பதைப் பூரணிக்குச் சொல்லவில்லை. உறையை ஆஸ்பத்திரியின் திறந்த முற்றத்தில், மருந்துப் புட்டிகள் காயவைக்கும் பலகையின் கீழ் வைத்தார்கள். கூரைக்குக் கீழே கொண்டுபோக ராசம்மா விடவில்லை.

தலவாக்கலையில் ரயிலேறி நால்வரும் கொழும்பு சேர்ந்தார்கள்.

எந்திரம் ஒரு சிறு அலமாரி அளவு இருந்தது. மேலே அகன்ற காகிதச் சுருள். அதன் குறுக்கே எட்டுப் பேனாக்கள். காகிதம் நகரத் தொடங்கினால் நொடிக்கு ஒன்றேகால் அங்குலம் போகும். உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சு சுற்றிய வெள்ளி முனைகளைப் பூரணியின் தலையில் ரப்பர் வலை போட்டுப் பதித்தார்கள். அவற்றிலிருந்து மெல்லிய கம்பிகள் எந்திரத்துக்கு ஓடின. ஷாக் அடிக்குமா என்று ஆண்டியப்பன் தம்பையாவிடம் கேட்டான். எந்திரம் எதையும் கொடுப்பதில்லை, வாங்கிக்கொள்கிறது மட்டும்தான் என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னதைத் தம்பையா தமிழில் சொன்னார்.

பூரணியைக் கண்ணை மூடச் சொன்னார்கள். எட்டுப் பேனாவும் சீரான அலைகளை எழுதின. நொடிக்குப் பத்து. கண்ணைத் திறந்தாள், அலைகள் அடங்கி, கோடு தாழ்ந்து நேராயிற்று. மறுபடி மூடினாள், அலைகள் திரும்பின. அவள் வாயைத் திறக்கவில்லை, விரலை அசைக்கவில்லை. இமை மட்டும் மூடித் திறந்தது. அதற்கேற்ப, நான்கடி தள்ளி, இரும்புப் பேனாக்கள் எழுந்து தாழ்ந்தன.

ராசம்மா பெஞ்சிலிருந்து எழுந்து வந்து காகிதத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு மருமகளின் தலையைப் பார்த்தாள். பத்து வருடமாக அந்தத் தலைக்குப் பேன் பார்த்தவள் அவள். திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

கறுப்புக் கடிதத்தின் முறை வந்தது. உறை தம்பையாவின் குடைக்குள் வராந்தாவுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வைத்து வாசிக்க முடியாது என்றாள் ராசம்மா. டாக்டர் காரணம் கேட்டார். தம்பையா சொன்னார். டாக்டர் சற்று யோசித்துவிட்டு, கம்பி எவ்வளவு நீளம் என்று உதவியாளரைக் கேட்டார். வராந்தாவுக்கு வெளியே, படிக்கட்டின் மேல், வெயிலில் நாற்காலி போட்டார்கள். பூரணி வானத்தின் கீழ் உட்கார்ந்தாள். கம்பிகள் நிலைப்படியைத் தாண்டி உள்ளே போயின. தலை வெளியே, பேனாக்கள் உள்ளே.

வாய் அசையும்போது நெற்றிப் பக்கத்துப் பேனாக்கள் தசையின் துடிப்பால் தாறுமாறாகக் கிறுக்கும், அதை விட்டுவிடுங்கள், இடப்பக்கம் உச்சிக்கும் காதுக்கும் நடுவிலிருந்து வரும் இரண்டை மட்டும் கவனியுங்கள் என்றார் டாக்டர்.

பூரணி உறையைப் பிரித்தாள். முதல் நான்கு வரி உரக்க வாசித்தாள். ஐந்தாவது வரியில் மாமியாரின் பெயர் வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். இறந்துபோனவள் நிலைப்படியில் நின்று, வாசி என்று கையைக் காட்டினாள். காய்ச்சல், மழை, மகன் பேர் எல்லாவற்றையும் பூரணி வாசித்தாள். குரல் இரண்டு இடத்தில் தடுமாறியது. கறிச்சோற்றில் வந்து சிரித்துவிட்டாள். மூன்று நிமிடத்தில் கடிதம் முடிந்தது.

இரண்டு பேனாக்களும் அமைதியாகவே ஓடியிருந்தன. தாடை ஒரு முறையும் வெட்டவில்லை.

"நாந்தான் சொன்னேனே" என்றாள் ராசம்மா. குரலில் வெற்றியை விட ஏமாற்றமே அதிகம் இருந்தது. பூரணி கடிதத்தை மடித்தாள். கிழிக்க வேண்டும் என்று ஞாபகம் வந்து கிழித்தாள். சத்தியம் செய்ய வேண்டிய வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது.

பரிசோதனைத் தாளில் இன்னும் ஒன்று மீதி இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, சாதாரண வாசிப்பு கொஞ்ச நேரம். முறைக்காகச் செய்வது. பூரணியை உள்ளே உட்காரவைத்தார்கள். வாசிக்கக் கொடுக்கத் தமிழில் எதுவும் இல்லை. உதவியாளர் வெளி நோயாளர் கூடத்தில் தேடி, கொக்கிப்புழுவைத் தடுப்பது பற்றிய சுகாதாரக் கையேடு ஒன்றைக் கொண்டுவந்தார். நிறுத்தச் சொல்லும் வரை உரக்க வாசிக்கும்படி சொன்னார்கள்.

அந்தக் கடிதத்தைத் தவிர, ஒரு மாதமாக எழுத்தே பாராதவள். கையேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வெறுங்காலோடு மலைக்குப் போகக் கூடாது. கக்கூஸ் குழி கிணற்றிலிருந்து ஐம்பதடி தள்ளி இருக்க வேண்டும். புழுவின் முட்டை ஈரமண்ணில் பொரிக்கும். கடைசியாக வாசிப்பவளைப் போல ஒரு சொல் விடாமல், அவசரப்படாமல் வாசித்தாள். டாக்டரும் தம்பையாவும் தணிந்த குரலில் வேறு ஏதோ பேசத் தொடங்கியிருந்தார்கள். ஆண்டியப்பன் ஜன்னல் வழியே வீதியில் போகும் டிராலி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். காகிதம் தரையில் மடிப்பு மடிப்பாக விழுந்துகொண்டே இருந்தது.

பதினோராவது நிமிடத்தில் உதவியாளர் டாக்டரின் கையைத் தொட்டார்.

இடப்பக்கத்துப் பேனாக்களில் ஒன்று ஊசிபோல் ஒரு கோட்டைச் செங்குத்தாக எழுதியிருந்தது. அறையில் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். பூரணி வாசித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு ஊசி, இப்போது இரண்டு பேனாவிலும். பிறகு மூன்றாவது. "வயிற்றுக்குள் போன புழு" என்ற இடத்தில் அவள் தாடை வெட்டியது. அதே கணத்தில் பேனாக்கள் துள்ளின.

டாக்டர் கையேட்டைச் சட்டென்று வாங்கிக்கொண்டார். நான்கு நொடி, ஐந்து நொடி. ஊசிகள் மறைந்தன. கோடு அடங்கி, ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது. பூரணி விழவில்லை. கண்ணை விழித்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புழுவுக்குமாய்யா பேய் வரும்?" என்று ராசம்மா கேட்டாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

அடுத்த ஒன்றரை மணி நேரம் டாக்டர் சாப்பிடப் போகவில்லை. பூரணிக்குத் தேநீர் கொடுத்து அரைமணி ஓய்வெடுக்க வைத்தார். பிறகு, வாசித்ததையே பாராமல் சொல்லச் சொன்னார். பூரணிக்குக் கையேட்டின் பாதி மனப்பாடமாகியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு பதினைந்து நிமிடம் சொன்னாள். அதே வாய், அதே சொற்கள். ஊசி ஒன்றும் வரவில்லை. அவளுக்குத் தெரியாத சிங்களப் பத்திரிகையைக் கொடுத்து வரிவரியாகப் பார்த்துக்கொண்டே போகச் சொன்னார். அதே கண், அதே காகிதம். ஊசி வரவில்லை. பிறகு தமிழ்க் கையேட்டைக் கொடுத்து, உதடு அசையாமல் மனதுக்குள் வாசிக்கச் சொன்னார். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெண் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். ஏழாவது நிமிடம் ஊசி வந்தது.

டாக்டர் சொன்னதை மொழிபெயர்க்கத் தம்பையாவுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பார்ப்பதில் பிழையில்லை, பேசுவதில் பிழையில்லை. கண்ணில் பட்ட கோடும் சுழியும் சொல்லாக மாறும் வேலை இருக்கிறதே, அது மண்டைக்குள் தனியாக ஓரிடத்தில் நடக்கிறது போலும். இவருக்கு அந்த இடம் நெடுநேரம் உழைத்தால் தீப்பொறி பறக்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியாது. புத்தகத்தில் வாசித்திருக்கிறேன், கண்ணால் காண்பது இன்றைக்குத்தான்.

தலையிலிருந்து வலையைக் கழற்றியதும் பூரணி எந்திரத்தின் அருகே போனாள். தரையில் காகிதம் முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தது. கையேடு வாசித்த முதல் பதினொரு நிமிடத்துக்கே ஏறத்தாழ எழுபது அடி. அதில் ஓரிடத்தை எடுத்து, விரலை வைத்து இடமிருந்து வலமாகக் கோட்டோடு போனாள், புது எழுத்துக் கற்பவளைப் போல.

"இது நான் வாசிச்சதாங்கய்யா?"

"ஓம். நீர் வாசிச்சதுதான்."

"இந்த எடத்துல என்ன சொல்லு வாசிச்சேன்னு தெரியுமா?"

தம்பையா டாக்டரிடம் கேட்டார். டாக்டர் தலையை அசைத்தார். வாசிக்கிறீர்கள் என்பது வரைதான் தெரியும். எதை என்பது இதில் இல்லை. யாருக்கும் அதை வாசிக்கத் தெரியாது.

பூரணி காகிதத்தை மெதுவாகக் கீழே வைத்தாள்.

அப்படியானால் ஏன் கறுப்புக் கடிதத்துக்கு மட்டும் வந்தது என்று ஆண்டியப்பன் கேட்டான். இன்று மூன்று நிமிடம் வாசித்தபோது வரவில்லையே என்றார் டாக்டர்.

"இன்னைக்கு ஒரு தடவதானே வாசிச்சேன்" என்றாள் பூரணி. "லயத்துல கருப்புக் கடுதாசிய நான் ஒரு தடவையோட விட்டதே இல்லீங்கய்யா. நல்ல கடுதாசின்னா அவங்க காம்பராவுக்குள்ள போயி ஒருக்கா வாசிச்சிட்டு வந்துருவேன். இது வெளியில நின்னு வாசிக்கிறது. சத்தங் கேட்டு மேல் லயத்துலருந்து வருவாங்க, மொதல்லருந்து வாசிக்கணும். தண்ணி புடிச்சிக்கிட்டு பீலிக்கரையிலருந்து வருவாங்க, திரும்பியும் மொதல்லருந்து. அழகன் கடுதாசிய ஒம்பது தடவ வாசிச்சேன். ஒம்பதாவதுலதான் விழுந்தேன்."

தம்பையா இதைச் சொல்லி முடித்ததும் டாக்டர் தன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து முழுவதையும் எழுதிக்கொண்டார். எழுதும்போது பூரணியின் வயதையும் தோட்டத்தையும் மறுபடி கேட்டார்.

ராசம்மா பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பேய் இல்லேன்னு நான் சொல்லல" என்றாள் கடைசியில். "அது வேற எங்கயாச்சும் இருக்கும். இவகிட்ட இல்ல."

டாக்டர் தினம் இரவில் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். தொடர்ந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் வாசிக்கக் கூடாது, தாடை ஒரு முறை வெட்டினாலும் காகிதத்தைக் கீழே வைத்துவிட வேண்டும் என்றார். வாசிக்கவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. பூரணி அதைத் தம்பையாவிடம் இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கோடாங்கி வரவில்லை. வியாழனன்றே ராசம்மா ஆள் அனுப்பிவிட்டாள். ஆண்டியப்பன் அட்டலிலிருந்த மூட்டையை இறக்கி வைத்தான்.

ஏப்ரல் மாதம் துறையூரிலிருந்து இராமையாவுக்குக் கறுப்புக் கடிதம் வந்தது. இரண்டு லயத்து ஆட்களும் வந்து சேரும் வரை யாரும் அதைப் பிரிக்கக் கூடாது என்று ராசம்மா முற்றத்தில் நின்று தடுத்தாள். முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். பூரணி ஒரு முறை வாசித்தாள்; கடிதம் கிழிக்கப்பட்டது. பிந்தி வந்தவர்களுக்கு மற்றவர்கள் வாயால் சொன்னார்கள். அன்றிலிருந்து அந்த இரண்டு லயங்களிலும் அதுவே வழக்கமாயிற்று. 1962 முடியும்வரை பூரணி ஆறு கறுப்புக் கடிதங்கள் வாசித்தாள். தாடை இரண்டு முறை வெட்டியது. அவள் விழவில்லை.